எண்ணுகிறவரின் நாற்காலி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உரிமைச் சட்டங்களை இயற்றியவர்களைப் பற்றி இதுபோன்ற மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். வழக்காடி வென்றவர்களைப் பற்றியும், வீதியில் இறங்கி அடிபட்டவர்களைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நாற்காலியைப் பற்றி. இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்ததா என்று பார்த்து, எண்ணி, எழுதி, அந்த எழுத்தை அரசின் கையிலேயே கொடுக்கும் அலுவலகத்தின் தலைமை நாற்காலி அது. அதில் உட்காருகிறவரால் யாரையும் கைது செய்ய முடியாது. அபராதம் போட முடியாது. ஓர் எழுத்தரைக்கூட இடமாற்றம் செய்ய முடியாது. எண்ணலாம், எழுதலாம், வெளியிடலாம். அவ்வளவுதான். அந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு நகரும் என்பதற்கு அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் கதையை எடுத்துக்கொள்கிறேன்.

சொல் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சிவில் ரைட்ஸ் என்பதைச் சிலர் ‘குடியுரிமை’ என்று எழுதுகிறார்கள். குடியுரிமை என்பது ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதி. நான் பேசப்போவது, அந்தத் தகுதி கையில் இருந்தும் வாக்குச்சாவடியில், பள்ளியில், வேலையில், வாடகை வீட்டு வாசலில் மறுக்கப்படுகிற உரிமையைப் பற்றி. அதனால் ‘குடிமை உரிமை’ என்றே சொல்கிறேன்.

இந்தப் பொருளில் எனக்கு அக்கறை வந்தது புத்தகங்களால் அல்ல. தணிக்கைப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவர் விடுதிக்குத் தணிக்கைக்குப் போனோம். மார்கழி மாதம். போர்வை வாங்கிய கோப்பு மிகச் சரியாக இருந்தது. விலைப்புள்ளி இருந்தது, ரசீது இருந்தது, இருப்புப் பதிவேட்டில் வரவு இருந்தது, வழங்கல் பட்டியலில் பிள்ளைகளின் கையெழுத்தும் இருந்தது. நான் கோப்பை மூடப்போனேன். என்னுடன் வந்த மூத்த அலுவலர், “தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு மூடு” என்றார். பார்த்தோம். பிள்ளைகள் பழைய சேலைகளைப் போர்த்திக்கொண்டு சிமெண்டுத் தரையில் சுருண்டு படுத்திருந்தார்கள். அதைத் தணிக்கைப் பத்தியாக எழுதினோம். முதல் ஆண்டு பதில் இல்லை. இரண்டாம் ஆண்டு ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தது. மூன்றாம் ஆண்டும் அதே வாக்கியம். அந்தப் பிள்ளைகளில் பலர் அதற்குள் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த மூன்று ஆண்டும் எனக்குள் ஒரு கேள்வியாகத் தங்கிவிட்டது. அதற்கு விடை தேடித்தான் அமெரிக்க ஆணையத்தின் அறிக்கைகளுக்குப் போனேன்.

1957 செப்டம்பர் 9ஆம் தேதி அதிபர் ஐசன்ஹோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை மறிப்பதற்காகத் தென் கரோலினாவின் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் அவையில் நின்று பேசியிருந்தார். சட்டம் நிறைவேறியது, ஆனால் நிறைவேறுவதற்குள் அதன் பற்கள் பல பிடுங்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றில் இரண்டு முக்கியமானவை. நீதித்துறைக்குள் ஒரு குடிமை உரிமைப் பிரிவு உருவானது. அத்துடன் ஆறு உறுப்பினர் கொண்ட ஓர் ஆணையமும் வந்தது. அது சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம், அறிக்கை தரலாம். ஆயுள் இரண்டே ஆண்டு. ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்கக் கூடாது.

தலைவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜான் ஹன்னா. நோட்ரடேம் பல்கலைக்கழகத்தை நடத்திய கத்தோலிக்கப் பாதிரியார் தியோடர் ஹெஸ்பர்க் ஓர் உறுப்பினர். தொழிலாளர் துறையின் துணைச் செயலராக இருந்த எர்னஸ்ட் வில்கின்ஸ் ஆறு பேரில் ஒரே கறுப்பர். மற்ற மூவரும் தென்மாநிலத்தவர்கள். வர்ஜீனியாவின் முன்னாள் ஆளுநர் ஜான் பேட்டில், ஃபுளோரிடாவின் முன்னாள் ஆளுநர் டாயில் கார்ல்டன், டெக்சாஸ் சட்டக் கல்லூரி ஒன்றின் தலைவர் ராபர்ட் ஸ்டோரி. இந்த ஆறு பேரும் எதிலாவது ஒத்துப்போவார்கள் என்று அன்று எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு.

1958 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமெரி நகரில் அவர்கள் முதல் விசாரணையை நடத்தினார்கள். வில்கின்ஸ் கறுப்பர் என்பதால் ஆறு பேரும் சேர்ந்து தங்க அந்த ஊரில் விடுதி கிடைக்கவில்லை. அருகிலிருந்த மேக்ஸ்வெல் விமானப்படைத் தளத்தில் தங்கினார்கள். குடிமை உரிமையை அளக்க வந்தவர்களுக்கு முதல் அளவு அறை வாசலிலேயே கிடைத்துவிட்டது.

விசாரணையில் அதிகம் பேசப்பட்டது மேகன் மாவட்டம். மக்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் கறுப்பர்கள். டஸ்கீகி கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஆகவே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வந்து திரும்பியவர்களில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர்களும் இருந்தார்கள். மணிக்கணக்கில் காக்கவைத்தார்கள். விண்ணப்பத்தோடு அரசமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு முழுவதையும் கையால் பார்த்து எழுதச் சொன்னார்கள். பிறகு எந்தப் பதிலும் வராது. ஆணையம் பதிவேடுகளைக் கேட்டது. பதிவு அலுவலர்கள் கொடுக்கவில்லை. பக்கத்து மாவட்டங்களில் வட்ட நீதிபதியாக இருந்த ஒருவர், தம் வசமிருந்த பதிவேடுகளைத் தர முடியாது என்று வெளிப்படையாக எதிர்த்தார். அவர் பெயர் ஜார்ஜ் வாலஸ், பின்னாளில் அலபாமாவின் ஆளுநர். மத்திய நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் ஆணையிட்ட பிறகுதான் ஏடுகள் ஆணையத்தின் கைக்கு வந்தன.

இங்கே ஒரு நிமிடம் நிற்க விரும்புகிறேன். ஆணையம் போனது குற்றவாளியைத் தேடி அல்ல, பதிவேட்டைத் தேடி. பாகுபாடு செய்கிறவன் தன் மனத்தில் இருப்பதை ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் விண்ணப்பித்த நாள் எது, முடிவு சொன்ன நாள் எது, எத்தனை வெள்ளையர் பெயர் சேர்ந்தது, எத்தனை கறுப்பர் பெயர் சேர்ந்தது என்பதைப் பதிவேடு சொல்லிவிடும். பதிவேட்டைத் தர மறுத்ததையும் அறிக்கையில் ஒரு தகவலாக எழுதலாம். தணிக்கைக்காரனுக்கு இது நன்றாகப் புரியும். ‘ஆவணம் சமர்ப்பிக்கப்படவில்லை’ என்பதே ஒரு கண்டுபிடிப்பு.

அடுத்த ஆண்டு ஜூலையில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் விசாரணை வைத்தார்கள். தொடங்குவதற்கு முன்பே நீதிமன்றத் தடை வந்தது. (அந்தத் தடையை 1960இல் உச்ச நீதிமன்றம் நீக்கி, ஆணையத்தின் நடைமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது.) வெயிலில் வாடிய ஆணையர்களை ஹெஸ்பர்க் விஸ்கான்சின் மாநிலத்தில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்திலிருந்த தம் பல்கலைக்கழகத்தின் ஏரிக்கரை விடுதிக்கு அழைத்துப்போனார். மாலையில் மீன் பிடித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், அதன் பின் பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாக்கெடுத்தார்கள். பெரும்பாலானவை ஒருமனதாக நிறைவேறின. வாக்காளர் பதிவுக்கு மத்திய அரசே அலுவலர்களை அனுப்ப வேண்டும் என்ற பரிந்துரைக்கு ஐந்து பேர் ஆதரவு. எதிர்த்தவர் பேட்டில் மட்டும்.

இந்த மீன்பிடிக் கதையைப் பலரும் நட்பின் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஏரிக்கரைக்குப் போவதற்கு முன்பே அந்த ஆணையர்கள் ஒரே சாட்சிகளின் வாயிலிருந்து ஒரே சாட்சியத்தைக் கேட்டிருந்தார்கள். ஃபுளோரிடாவின் முன்னாள் ஆளுநர், படித்த பேராசிரியர் ஒருவர் வாக்குக்காகக் கைகட்டி நின்ற கதையை நேரில் கேட்டிருந்தார். தலைமையில் இருந்தவர்கள் செய்த பெரிய வேலை அதுதான். கருத்தில் எதிரெதிராக இருந்தவர்களை, கருத்தைப் பேசவிடுவதற்கு முன் ஒரே உண்மைகளின் எதிரே உட்காரவைத்தார்கள்.

மிசிசிப்பி கதை இன்னும் கடினமானது. அங்கே விசாரணை நடத்த ஆணையம் 1962இலேயே முடிவு செய்தது. மத்திய அரசு அப்போது அந்த மாநில ஆளுநரோடு நீதிமன்றத்தில் மோதிக்கொண்டிருந்தது, விசாரணை வழக்கைக் கெடுக்கும் என்று அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி கேட்டுக்கொண்டதால் தள்ளிவைத்தார்கள். பிறகும் தள்ளிப்போனது. இதற்குள் அங்கிருந்து அடிதடி, தீவைப்பு, துப்பாக்கிச்சூடு என்று புகார்கள் வந்துகொண்டே இருந்தன. 1963 ஏப்ரலில் ஆணையம் விசாரணைக்குக் காத்திருக்காமல் ஓர் இடைக்கால அறிக்கையை வெளியிட முடிவு செய்தது. மிசிசிப்பிக்குப் போகும் மத்திய நிதியை நிறுத்திவைக்க அதிபருக்குச் சட்ட அதிகாரம் உண்டா என்று ஆராய வேண்டும் என்பது அதில் ஒரு பரிந்துரை. அதிபர் கென்னடிக்கு அது பிடிக்கவில்லை, வெளிவருவதையும் அவர் விரும்பவில்லை. அலுவலக இயக்குநராக இருந்த பெர்ல் பெர்ன்ஹார்டும் ஆணையர்களும் அறிக்கையை வெளியிட்டார்கள். தமக்கு அத்தகைய அதிகாரம் இல்லை, இருப்பதும் நல்லதல்ல என்பது அதிபரின் பதில். நாளிதழ்களிலும் கண்டனம் எழுந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 2ஆம் தேதி நிறைவேறிய 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதி, மத்திய நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனப் பாகுபாடு கூடாது, மீறினால் நிதியை நிறுத்தலாம் என்று சொல்கிறது. அறிக்கை வந்த நாளில் தோற்றதுபோல் இருந்த பரிந்துரை, பதினைந்து மாதத்தில் சட்டத்தின் வரியாகிவிட்டது. அதற்கு அந்த அறிக்கை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அலபாமாவின் பர்மிங்காம் வீதிகளில் உரிமை கேட்டுக் காவல்துறையின் நாய்களுக்கும் நீர்ப்பீரங்கிகளுக்கும் முன் நின்ற பிள்ளைகள்தான் முதல் காரணம். ஆனால் சட்டம் எழுத உட்கார்ந்தவர்களுக்கு அந்த யோசனை மேசை மீது தயாராக இருந்தது.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. லேண்ட் ஓ லேக்ஸில் ஐந்து பேர் கேட்ட மத்தியப் பதிவு அலுவலர்கள் அதில் வந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் வரலாற்றாசிரியர்கள் அத்தியாயத்தை முடிப்பார்கள். ஆணையம் முடிக்கவில்லை. மாவட்டம் மாவட்டமாகப் போய் மறுபடி எண்ணியது. மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பர்களில் பட்டியலில் இருந்தவர்கள் சட்டத்துக்கு முன் 6.7 விழுக்காடு. 1967இல் 59.8 விழுக்காடு. 1968 மே மாதம் வெளிவந்த அறிக்கையில் இந்த எண்களோடு கூடவே, பட்டியலில் ஏறிய பின்பும் வாக்குச்சாவடியில் என்னென்ன தடைகள் எழுப்பப்பட்டன, கறுப்பர் வெல்லக்கூடிய பதவிகளைத் தேர்தல் பதவியிலிருந்து நியமனப் பதவியாக எப்படி மாற்றினார்கள் என்பதும் இருக்கிறது. வெற்றியை எண்ணிய அதே கை, வெற்றியைச் சுற்றிக் கட்டப்பட்ட வேலியையும் எண்ணியது.

இனி என் பொருளின் நடுவுக்கு வருகிறேன். 1970 அக்டோபர். ஹெஸ்பர்க் இப்போது ஆணையத்தின் தலைவர். ஹோவர்ட் கிளிக்ஸ்டீன் அலுவலக இயக்குநர். அதுவரை ஆணையம் பெரும்பாலும் தென்மாநிலங்களைப் பார்த்துக் கேள்வி கேட்டது. இப்போது திரும்பி, தலைநகரிலேயே இருக்கும் மத்திய அரசின் துறைகளைப் பார்த்துக் கேட்டது. உங்களுக்குச் சட்டம் கொடுத்தோம், பணம் கொடுத்தோம், அதிகாரம் கொடுத்தோம், என்ன செய்தீர்கள்? சுமார் 40 துறைகளையும் அமைப்புகளையும் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை அது. மத்திய அரசின் உரிமை அமலாக்கம் பெருமளவில் செயலிழந்திருக்கிறது என்பது அதன் முடிவு.

அந்த அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் கோபம் அல்ல, அதன் பார்வை. ஒவ்வொரு துறையிலும் அது பார்த்தவை எளிய விஷயங்கள். உரிமைப் பிரிவில் எத்தனை பேர்? அதன் தலைவர் எந்த நிலை அலுவலர், அமைச்சரை நேரில் பார்க்க முடியுமா, அல்லது மூன்று படி கீழே உட்கார்ந்திருக்கிறாரா? புகார் வந்தால்தான் எழுந்திருக்கிறீர்களா, புகார் வராத இடத்துக்கும் போய்ப் பார்க்கிறீர்களா? தவறு கண்டபின் எத்தனை முறை நிதியை நிறுத்தினீர்கள், எத்தனை முறை ‘தாமாகத் திருந்துவார்கள்’ என்று கடிதம் எழுதிக் காத்திருந்தீர்கள்? உங்கள் திட்டத்தால் யார் பயன்பெற்றார்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறதா? பல துறைகளில் அந்தக் கணக்கே இல்லை. கணக்கு இல்லாததால் பாகுபாடு இல்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

புகாரை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பதை அந்த அறிக்கை கடுமையாகக் கண்டித்ததை நான் பலமுறை நினைத்துக்கொள்கிறேன். நிலமும் கூலியும் கடனும் ஒருவன் கையில் இருக்கும் ஊரில், அவன்மேல் எவர் புகார் கொடுப்பார்? புகார் இல்லாத ஊர் என்று பட்டியல் போட்டால் அதில் முதலில் வருவது மிகவும் அஞ்சிக் கிடக்கும் ஊராக இருக்கலாம். மதிப்பிடும் அலுவலகத்தின் தலைவர் பெரிய எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிடப் பூச்சியத்தைக் கண்டு அதிகம் அஞ்ச வேண்டும்.

அந்த அறிக்கை வெளிவரும் நேரம் நாடாளுமன்றத் தேர்தல் நேரம். தேர்தல் முடியும்வரை நிறுத்திவைக்கும்படி வெள்ளை மாளிகை கேட்டது. ஆணையம் சம்மதிக்கவில்லை, அறிக்கை அக்டோபரிலேயே வந்தது. பெரிய துணிச்சலாக இது தெரியாமல் போகலாம். ஒரு தேதியைக் காத்தார்கள், அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஆனால் வெளியிடுவதைத் தவிர வேறு அதிகாரம் இல்லாத அலுவலகத்துக்குத் தேதிதான் அதிகாரம். இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்கிறவர் ஒரு சொல்லையும் திருத்தச் சொல்வதில்லை. மிக மரியாதையாகத்தான் கேட்பார். இணங்கினால், அடுத்த முறை கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும்.

வெளியிட்டுவிட்டுப் போய்விடவும் இல்லை. 1971 மே மாதம், ஏழு மாதம் கழித்து, அதே துறைகளிடம் திரும்பிப் போனார்கள். மாணவருக்கு மதிப்பெண் போடுவதுபோல் ஒவ்வொரு துறைக்கும் தரம் குறித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும். 1973இல் மறுபடியும். அந்த மூன்று ஆண்டும் எனக்குள் விட்டுச்சென்ற கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற வாக்கியத்துக்குப் பதில் வாக்கியம் எழுதிப் பயனில்லை. ஏழு மாதத்தில் திரும்பிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் விடுதியில் நாங்கள் அதைச் செய்யவில்லை. கடிதம் எழுதினோம், பதிலுக்குக் காத்திருந்தோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

இதற்கெல்லாம் விலை உண்டு. 1972 நவம்பரில் நிக்ஸன் இரண்டாம் முறை வென்றதும் ஹெஸ்பர்க்கைப் பதவி விலகச் சொன்னார்கள். அடுத்துத் தலைமைக்கு வந்த ஆர்தர் ஃபிளெமிங்கை ரீகன் மாற்றினார். 1983 அக்டோபரில் மூன்று உறுப்பினர்களை ஒரே நாளில் நீக்கினார். அவர்களில் மேரி ஃபிரான்சிஸ் பெரியும் பிளாண்டினா ரமிரஸும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். அந்த இழுபறியின் முடிவில் ஆணையமே புதிதாக அமைக்கப்பட்டது. எட்டு உறுப்பினர், நால்வரை அதிபர் நியமிப்பார், நால்வரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நியமிக்கும். நிலையான பதவிக்காலம். ஒரு கட்சிக்கு நால்வருக்கு மேல் கூடாது. பாதுகாப்பு வந்தது. ஆனால் எட்டு பேர் நான்குக்கு நான்காகப் பிரிந்தால் அறிக்கை முடங்கும் ஆபத்தும் கூடவே வந்தது. மூன்று ஆண்டுக்குப் பின் பட்ஜெட்டை வெட்டினார்கள், பத்து வட்டார அலுவலகங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆளை நீக்கினால் செய்தியாகும், வழக்காகும். கிளை அலுவலகத்தை மூடினால் வாடகை மிச்சம் என்று கணக்கில் எழுதிவிடலாம்.

ஆணையத்தின் குற்றத்தையும் சொல்ல வேண்டும். 1997இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இந்த ஆணையத்தையே தணிக்கை செய்தது. அடிப்படை நிர்வாகக் கட்டுப்பாடுகளே இல்லை என்று எழுதியது. எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவு, எந்த ஆய்வு எப்போது முடியும் என்பதற்கு அங்கே ஒழுங்கான பதில் இல்லை. பிறர் கணக்கைக் கேட்கிற வீட்டில் சொந்தக் கணக்கு கலைந்து கிடந்தால், கேட்கப்பட்டவர்கள் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தலைமையில் இருப்பவருக்குத் துணிச்சல் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். கோப்பைத் தேதிவாரியாகக் கட்டிவைக்கும் பழக்கமும் அதே அளவுக்கு வேண்டும்.

இன்று அந்த ஆணையத்துக்குள் குடிமை உரிமைகள் மதிப்பீட்டு அலுவலகம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசின் உரிமை அமலாக்கத்தைப் பற்றி ஆண்டுக்கு ஓர் அறிக்கையாவது அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக வேண்டும். அதை எழுதுவது இந்தச் சிறு அலுவலகம். எதை ஆராய்வது என்று உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். துறைகளுக்கு எழுத்தில் கேள்விப் பட்டியல் போகிறது, ஆவணம் கேட்கப்படுகிறது, நேர்காணல்கள் நடக்கின்றன. வரைவு முடிந்ததும் சட்டப் பிரிவு ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் உண்டா என்று பார்க்கிறது. பிறகு வரைவில் பேசப்பட்ட துறைக்கே அது அனுப்பப்படுகிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று. யாராவது ஒருவரின் பெயருக்குக் களங்கம் வரக்கூடும் என்றால் அவருக்கு முன்கூட்டித் தெரிவித்துப் பதில் சொல்ல இடம் தர வேண்டும் என்பது சட்டம். இறுதியில் உறுப்பினர்களின் வாக்கெடுப்பு. மாறுபட்டவர்களின் குறிப்பும் அதே நூலில் அச்சாகிறது.

நம் மாணவர்கள் இந்தக் கடைசி வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தவர் என்ன காரணத்தால் எதிர்த்தார் என்பது பின்னிணைப்பில் நிற்கும்போது, படிக்கிறவருக்கு முதன்மை அறிக்கையின் மேல் நம்பிக்கை கூடுகிறது. நம் ஊர்க் குழு அறிக்கைகளில் மாற்றுக் கருத்துக்கு இவ்வளவு இடம் நான் பார்த்ததில்லை.

2002இல் அந்த ஆணையம், பத்து ஆண்டாகத் தான் தந்த பரிந்துரைகளைத் துறைகள் நிறைவேற்றினவா என்றே ஓர் அறிக்கை எழுதியது. 2019 நவம்பரில் 13 துறைகளின் உரிமைப் பிரிவுகளை, 2016 முதல் 2018 வரையிலான மூன்று நிதியாண்டுகளுக்கு எடுத்து மதிப்பிட்டது. ஆள் போதாது, பணம் போதாது, புகார்கள் தேங்குகின்றன என்பது அதிலும் வருகிறது. 1970க்கும் 2019க்கும் இடையே 49 ஆண்டுகள். 2025 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறையின் உரிமை அலுவலகம் தன் 12 வட்டார அலுவலகங்களில் ஏழை மூடியது. ஊனமுற்ற பிள்ளைக்கு வகுப்பறையில் இடம் மறுக்கப்பட்டால் தாய் ஒருத்தி புகார் கொடுக்கப் போகும் அலுவலகம் அது. இந்த மூடலின் விளைவை எண்ணி எழுத வேண்டியவர்கள், நான் சொல்லும் அந்த நாற்காலியில் இருப்பவர்கள்தான்.

நம் நாட்டிலும் இந்த நாற்காலி உண்டு. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் பேசியது பாதிதான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 338ஆம் பிரிவு, அமெரிக்க ஆணையம் பிறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பே, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தரப்பட்ட பாதுகாப்புகள் நடைமுறையில் உள்ளனவா என்று ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு எழுத ஒரு தனி அலுவலரை வைத்தது. 1950இல் எல். எம். ஸ்ரீகாந்த் முதல் ஆணையரானார். 1967இல் ஆணையரின் கள அலுவலகங்களை அவரிடமிருந்து எடுத்து வேறொரு தலைமை இயக்ககத்தின் கீழ் வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஆணையர் பதவிக்கு வந்தவர் மானுடவியல் அறிஞர் நிர்மல் குமார் போஸ். கண்களைக் கட்டிவிட்டுப் பார்வை அறிக்கை கேட்டதுபோல் ஆயிற்று.

காட்டுமன்னார்கோயில் பகுதி மக்களுக்கு எல். இளையபெருமாளைத் தெரியும். தீண்டாமையை ஆராய மத்திய அரசு 1965இல் அமைத்த குழுவின் தலைவர் அவர். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்று மாநிலம் மாநிலமாகப் போய்ப் பார்த்தார். அவர் அறிக்கை தந்தது 1969இல். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டிருந்தன. அவருடைய குழுவின் பரிந்துரைகளையொட்டி 1976இல் அந்தச் சட்டம் கடுமையாக்கப்பட்டது, பெயரும் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாறியது. அந்தச் சட்டத்தின் 15அ பிரிவு, மத்திய அரசும் மாநில அரசுகளும் எடுத்த நடவடிக்கைகளைப் பற்றி ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் இன்னும் கிட்டே வருகின்றன. மாநில அளவில் முதலமைச்சர் தலைமையிலான கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இரு முறையாவது கூட வேண்டும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும்.

ஆக, எண்ணுவதற்கான நாற்காலிகள் நம்மிடம் தலைநகரிலும் இருக்கின்றன, ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கின்றன. யாராவது உட்காருகிறார்களா, எண்ணுகிறார்களா, எண்ணியதை எழுதுகிறார்களா என்று கேட்பதற்கு ஆணையராக இருக்க வேண்டியதில்லை.

இந்த மண்டபத்தில் இருக்கும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். ஊருக்குப் போனதும் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதுங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த ஆண்டில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, ஏழாம் மாதம் அதே மனுவை மறுபடி எழுதுங்கள்.